நின்று கெட்ட வண்டி

ஓடித் தேய்ந்த காரைச் சரிசெய்ய வழி தெரியும். தேய்மானத்தை அளக்கலாம், அளந்ததை லேத்தில் கடைந்தோ, புதுப் பாகம் போட்டோ ஈடுகட்டலாம். நின்று கெட்ட கார்தான் சோதிக்கும். கொட்டகையிலோ மரத்தடியிலோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் கிடந்த வண்டியில் தகடு, ரப்பர், பெட்ரோல், பிரேக் ஆயில், கிரீஸ் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறிக்கொண்டே இருந்திருக்கும். வண்டி நின்றாலும் அதற்குள் நடக்கும் வேதிவினைகள் ஒரு நாளும் நிற்பதில்லை.

வார இறுதியில் வீட்டு ஷெட்டில் பழைய காரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்மையில் போராடுவது இந்த வினைகளோடுதான். ஸ்பானர் பிடிக்கப் பழகுவது சில வாரத்து வேலை. எந்தப் பொருள் ஏன் கெட்டது, அதை எதுவரை மீட்கலாம், எங்கே கைவிட்டுப் புதிது போடவேண்டும் என்று கண்டறிவதே இந்தக் கலையின் சாரம். அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் தெரிந்தால் வேலையும் எளிதாகும், வண்டியும் நிலைக்கும்.

சென்னையில் பிறந்த ஒரு கார்

எடுத்துக்காட்டுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டும், அதன் வழிவந்த கெஸலும் இந்தியச் சந்தைக்கென்றே உருவாயின. 948 சி.சி. இன்ஜின், ஏறத்தாழ 800 கிலோ எடை. அறுபதுகளில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய நம் சாலைகளில் மூன்றாவதாகக் கண்ணில் பட்ட கார் இதுதான்.

வீட்டில் மீட்டெடுக்க ஹெரால்டு மிகவும் ஏற்றது. அக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்க, ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. முழு உடலையும் அச்சடித்துத் தர ஆள் கிடைக்காததால், ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கி, போல்ட் போட்டு இணைத்தது. அன்றைய அந்த நெருக்கடி இன்றைய ஆர்வலருக்கு வரமாக அமைந்துவிட்டது. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி எடுக்கலாம். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் எங்கும் கைவைக்கலாம்.

ஒரு நீர்த்துளி செய்யும் வேலை

முதல் எதிரி துரு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான். கடற்காற்றின் உப்பும் கரைந்து சேர்ந்தால் அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் ஒரு மின்வேதிவினை. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே வேறிடத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது.

கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் யூலிக் எவன்ஸ் இதை ஒரே ஒரு துளி உப்புநீரில் காட்டினார். மெருகிட்ட இரும்பின் மேல் துளியை வைத்தால், விளிம்பில் ஆக்சிஜன் அதிகம், நடுவில் குறைவு. துரு வளையம் இரண்டுக்கும் இடையில் விழும். அரிக்கப்படும் பள்ளமோ ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் விழும். அதாவது காற்று நன்றாகப் படும் இடத்தைவிட, காற்று புகாமல் ஈரம் மட்டும் தங்கும் இடம்தான் அதிகம் அரிக்கப்படுகிறது.

பழைய காரில் எங்கே துரு தேடவேண்டும் என்பதற்கு இந்தத் துளியே வழிகாட்டி. கதவின் அடிப்பக்கத்தில் நீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட்ட இடம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மடிப்பு, தரைவிரிப்புக்கு அடியில், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் உட்புறம். பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே திருப்புளி நுனியால் அழுத்தினால் உள்ளே போய்விடும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால், மடிப்புக்குள் பிடித்த துரு இரண்டு தகடுகளையும் பிரித்துத் தள்ளும். பட்டி பார்த்து மூடிவிட்டால் வெளியே தெரியாது. அடியில் ஈரம் சிறைப்பட்டு அரிப்பு தொடரும். வாங்கும்போது தகட்டின் மேல் சிறு காந்தத்தை நகர்த்திப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு குறைவு, பட்டி அதிகம்.

வாஷிங் சோடாவும் பேட்டரி சார்ஜரும்

துரு மின்வேதிவினையால் வந்தது என்றால், மின்சாரத்தைத் திருப்பிவிட்டு அதை எதிர்க்கலாம். வீட்டு ஷெட்களில் அடிக்கடி காணும் காட்சி இது: ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி வீதம் வாஷிங் சோடா. துருப்பிடித்த கதவுக்கீலோ பிராக்கெட்டோ கம்பியில் தொங்கும். அதில் 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனை. தொட்டியின் ஓரத்தில் வேண்டாத சாதா இரும்புத் தகடு, அதில் நேர்முனை.

மின்சாரம் பாயத் தொடங்கியதும் கீலின் மேல் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் எழும். எலெக்ட்ரான்கள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் கீலின் இரும்பு கரையமுடியாது. சிவப்புத் துருவின் ஒரு பகுதி கருநிற மேக்னடைட்டாக ஒடுங்கும், மீதியைக் குமிழிகள் தளர்த்திவிடும். மறுநாள் எடுத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் கரும்பொடியாக உதிரும்; அடியில் தொழிற்சாலை பதித்த எண்கள்கூடத் தெளிவாகத் தெரியும். மணல் வீச்சில் நல்ல இரும்பும் கொஞ்சம் சேர்ந்து போகும். இந்த முறையில் துரு மட்டுமே போகும்.

இதில் விதிகள் உண்டு. முனைகளை மாற்றிப் போட்டால் மீட்க நினைத்த பாகமே கரைந்துபோகும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொங்கவிடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை கொண்ட சேர்மமாக நீரில் கலக்கும். கார்புரேட்டர் போன்ற அலுமினியப் பாகங்களைக் காரநீரே தின்றுவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால் தொட்டியைத் திறந்தவெளியில் வைக்கவேண்டும்.

தொட்டிக்குள் அடங்காத சேசிஸுக்கு வேறு வழி. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி ஒரு காப்புப் படலம் தரும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீல டானேட் ஆகும். கடுக்காயிலுள்ள டானினையும் அன்னபேதியையும் சேர்த்து நம் நாட்டில் கருப்பு மை செய்ததும் இதே வகை வினையால்தான். இவை மெல்லிய துருவுக்குத்தான் உதவும். செதில் செதிலாக உரியும் துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைப்பதைத் தவிர வழி இல்லை. அதன்மேல் துத்தநாகம் நிறைந்த பிரைமர் பூசினால், இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரான் தரும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

ஜாம் ஆன இன்ஜின்

இன்ஜின் நிற்கும்போது நான்கு சிலிண்டரில் ஏதாவது ஒன்றிலாவது வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று போய், வார்ப்பிரும்புச் சுவரும் பிஸ்டன் ரிங்கும் தொடும் கோட்டில் துருப்பிடித்து இரண்டையும் ஒட்டிவிடும். அப்போது புதுப் பேட்டரி வைத்து செல்ஃப் அடிப்பது பெருந்தவறு. ரிங் உடையும், சுவரில் கீறல் விழும்.

அனுபவம் உள்ளவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றிக் காத்திருப்பார்கள். ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் எண்ணெயை இழுப்பது நுண்புழை விசை. எண்ணெய் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு விரைவாகப் போகும். அதனால்தான் பலர் தானியங்கி கியர் எண்ணெயில் அசிட்டோனைக் கலந்து ஊற்றுகிறார்கள். சில நாள் ஊறியபின் வண்டியை மேல் கியரில் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசைப்பார்கள். அசைவு ஒரு மில்லிமீட்டர் கிடைத்தாலே வெற்றி தொடங்கிவிட்டது என்று பொருள்.

இறுகிய நட்டுக்கு வேறு உத்தி: சூடு. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக விரியும். நட்டை மட்டும் 200 டிகிரி சூடேற்றினால் 10 மில்லிமீட்டர் துளை 0.02 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகும். மரைகளுக்கிடையே இறுகிய துருவை உடைக்க அது போதும்.

பெட்ரோலும் கெடும்

டேங்கில் நின்ற பெட்ரோலிலிருந்து எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் போய்விடும். குளிர்ந்த இன்ஜின் பிடித்துக்கொள்ள அவைதான் தேவை. மீதியுள்ளதில் இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகும். பழைய டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை வருவது இதனால்தான்.

அந்தப் பிசின் படியும் இடம் கார்புரேட்டர் ஜெட். உறிஞ்சப்படும் காற்று கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. 1.2 மில்லிமீட்டர் துளை பிசின் படிந்து 1.1 ஆகச் சுருங்கினால் பரப்பு 16 சதவீதம் குறையும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்ஜின் சூடேறி, தும்மி, நின்றுவிடும். அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குடையக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

இன்றைய பெட்ரோல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. இந்தியாவில் 2025-ல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அறுபதுகளின் ஜெட் அதைத் தராது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பர் குழாய்கள் அதில் உப்பி வெடிக்கும். எனவே ஃபுளூரோ ரப்பர் குழாய் போடுவதும், சற்றே பெரிய ஜெட் தேர்ந்தெடுப்பதும் இப்போது மீட்புப்பணியின் பகுதியாகிவிட்டன. வண்டி தீப்பிடித்தால் வரும் இழப்பைவிட இந்தச் செலவு மிகச் சிறியது.

ஹெரால்டு பிறந்த காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த இந்தச் சேர்க்கை இன்ஜின் இடிப்பதைத் தடுத்தது. வால்வு வந்து அமரும் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்வதையும் தடுத்தது. ஆனால் அது குழந்தைகளின் மூளைவரை சென்ற நஞ்சு. இந்தியா 2000-ல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. 2021-ல் அல்ஜீரியாவோடு உலகமே கைவிட்டது. அந்த மாற்றம் சரியானது. ஹெட்டை இறக்கும்போதே கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திவிட்டால் பழைய இன்ஜினும் புதிய பெட்ரோலில் நிம்மதியாக ஓடும்.

இன்ஜினுக்கு முன் பிரேக்

இன்ஜின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்ற ஆசையில் பலர் பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். வரிசையை மாற்றவேண்டும். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது; ரப்பர் குழாய் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கவேண்டும். ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி தரைவரை போகும். நின்ற வண்டியில் அந்த ஈரமே வீல் சிலிண்டரின் சுவரைக் குழிகுழியாக அரித்து, ரப்பர் வாஷரைக் கிழிக்கும். பழைய ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் இருக்காது.

முன்சக்கரத்தில் இன்னொரு மறைந்த ஆபத்து. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை உண்டு. அது ஒரு வெண்கல மரைக்குள் அமர்ந்து, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அதிலேயே சுழலும். அதற்குக் கெட்டியான 90 கிரேடு கியர் ஆயில் விடவேண்டும். எல்லா இடத்தையும் போல கிரீஸ் அடித்துவிட்டால், கிரீஸ் அடிவரை இறங்காமல் காய்ந்துவிடும். ஈரம் புகுந்து மரை துருப்பிடித்து இறுகும். பிறகு ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடியும். பிரித்து, மரையை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் ஹெரால்டைச் சாலைக்கு எடுக்கவே கூடாது.

பிரேக் வேலையில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தகடு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் அதையும் நீர்விட்டே தேய்க்கவேண்டும்.

மாற்றலாம், ஆனால் திரும்பக் கூடியதாக

மீட்பவர்களில் பலர் வண்டியைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றவும் செய்கிறார்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஆகியவை பொதுவானவை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் என்னும் சிறு சுவிட்ச் திறந்து மூடவேண்டும். நின்ற வண்டியில் அதன் முனையில் படியும் ஆக்சைடு படலமே மின்சாரத்தைத் தடுத்துவிடும். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்வதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அது அடங்கும், வேண்டும்போது கழற்றவும் செய்யலாம்.

பெரிய இன்ஜின் போடுவது வேறு கணக்கு. 800 கிலோ வண்டிக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் இயக்க ஆற்றல் சுமார் 110 கிலோஜூல். 100 கிலோமீட்டரில் அது 310 கிலோஜூலாகிவிடும். அத்தனையையும் சூடாக மாற்ற வேண்டியது அதே சிறிய டிரம். வேகத்தைக் கூட்ட நினைப்பவர் முதலில் நிறுத்தும் திறனைக் கூட்டவேண்டும்.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012-ல் ஏற்ற டுரின் சாசனம், எந்த மாற்றமும் பதிவு செய்யப்படவேண்டும், கூடியமட்டும் பழையபடி திருப்பக் கூடியதாக இருக்கவேண்டும் என்ற நெறியை முன்வைக்கிறது. இந்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்தில் பெரிய மாற்றமின்றிப் பேணப்படும் வண்டிகள் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகலாம், எண்பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். வழக்கமான போக்குவரத்துக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது. எனவே தகட்டை வெட்டுவதற்கு முன் இருமுறை யோசிப்பதும், கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் சீட்டெழுதிக் கட்டி வைப்பதும் அவசியம். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி அலைந்தவர்களுக்கு ஒரு அசல் கைப்பிடியின் அருமை தெரியும்.

மீட்டபின் ஓட்டவேண்டும்

இவ்வளவு பாடுபட்டு மீட்ட வண்டியை உறைபோட்டு மூடிவைப்பதே அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். இடையிடையே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். சூடேறும் முன் நிறுத்தினால் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் தங்கி, விரட்டியடித்த துருவை மறுபடி அழைத்துவரும்.

ஆகவே ஸ்டார்ட் செய்தால் முழுதாக ஓட்டவேண்டும். பதினைந்து இருபது கிலோமீட்டர் போனால் ஆயில் சூடேறி ஈரத்தை விட்டுவிடும், பிரேக் டிரம்மின் மெல்லிய துரு உராய்ந்து போகும், பெட்ரோல் புதிதாக மாறும், டைனமோ பேட்டரியை நிரப்பும், ரப்பர் வாஷர்கள் நனைந்து அசையும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றி, மழைக்கு முன் கதவடித் துளைகளைக் குத்திவிட்டு, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அந்த வண்டிக்கென்று ஒதுக்கினால், அறுபது வயதுக் கார் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும்.